காப்பியை விட்டேன், கோபத்தை விடவில்லை

கேள்வி: சென்ற தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும், காப்பியை அறவே விட்டேன். தலைவலியில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்ததைப் பொறுக்க முடியாமல், "அத்தை, நீங்கள் காப்பியே குடித்துவிடுங்கள்" என்றாள் மருமகள். இதைவிடக் கடினமான ஒறுத்தல், அதாவது விரும்பியதை விட்டு உடலை வருத்தும் தவம், செய்தால் ஆண்டவரை இன்னும் நெருங்கலாமா? - ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மருமகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அம்மா. காப்பியை விட்டது நீங்கள். அதற்கான விலையைக் கொடுத்தது அவர்.

கடுமை கூடினால் நெருக்கமும் கூடும் என்று இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரும் ஒரு காலத்தில் நினைத்தார். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் முடியையும் நகத்தையும் வெட்டாமல், ஒரு வாரம் உணவே இல்லாமல் கிடந்து உடலைக் கெடுத்துக்கொண்டவர், பின்னர் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் நிதானமாக ஓர் அளவுகோல் தருகிறார்: தேவைக்கு மிஞ்சியதைக் குறைப்பது மட்டான உணவுப் பழக்கமே, நமக்குத் தகுந்த அளவிலிருந்தும் குறைக்கும்போதுதான் அது ஒறுத்தலாகிறது, ஆனால் அதனால் உடல்நலம் கெடக்கூடாது.

திருச்சபை கேட்பதும் குறைவுதான். தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்றும் புனித வெள்ளியன்றும் நோன்பு. அதுவும் 59 வயது நிறைந்து 60-ஆம் வயது தொடங்கிவிட்டவர்களுக்குக் கடமையில்லை.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு குழந்தை தெரேசா. 24 வயதில் இறந்த இந்தத் துறவி, பிரான்சின் லிசியே கார்மேல் மடத்தில் துணி துவைக்கும்போது, எதிரே நின்ற இன்னொரு துறவிச் சகோதரி ஒவ்வொரு முறையும் அவருடைய முகத்தில் அழுக்குத் தண்ணீரைத் தெறிக்கவிட்டாராம். முகத்தைத் துடைத்துக் காட்டினாலே அந்தச் சகோதரிக்குப் புரிந்திருக்கும்; தெரேசா அதைக்கூடச் செய்யாமல், அந்தத் தண்ணீரை விரும்பி ஏற்கப் பழகிக்கொண்டார். தாமாகத் தேர்ந்தெடுத்த ஒறுத்தலில் 'நான் செய்கிறேன்' என்ற பெருமை எப்படியோ நுழைந்துவிடும் (காப்பியை விட்டதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?). பிறர் வழியாகத் தானே வந்து சேரும் தொல்லையில் அதற்கு இடமில்லை. "தன்னலம் துறந்து தம் சிலுவையை நாள்தோறும் தூக்கிக்கொண்டு" என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொல்லும்போது, அந்த 'நாள்தோறும்' உங்கள் வீட்டுச் சமையலறையையும் சேர்த்துத்தான் என்று நான் எண்ணுகிறேன்.

ஆகவே, வரும் தவக்காலத்தில் காப்பியைக் குடியுங்கள், சர்க்கரையில்லாமல். குழம்பில் உப்புக் குறைந்திருந்தால் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டுப் பாருங்கள். காப்பியை விட்டதைவிட இது கடினம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதற்குமேல் ஏதாவது செய்ய விரும்பினால், உங்கள் ஆன்ம குருவிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.