ஒரே ஒரு வழக்குக்காகச் சட்டத் தளத்துக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: கோவையில் பிளாட் புக் செய்து 38 லட்சம் கட்டியிருக்கிறேன். 2022-ல் தருவதாக ஒப்பந்தம், சாவி இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நானே புகார் போட்டிருக்கிறேன். எனக்குச் சாதகமான தீர்ப்புகளைத் தேடி இந்தியன் கானூன் என்ற இலவசத் தீர்ப்புத் தளத்துக்குப் போனால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. கட்டணத் தளத்துக்கு வருடச் சந்தா கட்டினால்தான் உருப்படியாகக் கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கட்டலாமா?

பதில்: வேண்டாம். எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்கள் எல்லாம் தினமும் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கானவை. அங்கே காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக ஆசிரியர் குழு எழுதும் தலைக்குறிப்பு (தீர்ப்பின் மேலே வரும் சுருக்கம்), ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று காட்டும் அடையாளம், இப்படிப்பட்ட வசதிகளைத்தான். தீர்ப்பின் வாசகம் எங்கே படித்தாலும் ஒன்றுதான், அதிலும் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்புத் தொகுப்பே 2023 ஜனவரியிலிருந்து இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

உங்கள் சிக்கல் தேடும் விதத்தில் இருக்கிறது. 'பில்டர் ஏமாற்றிவிட்டார்' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வோம், நீதிபதி அப்படி எழுத மாட்டார். அவர் எழுதுவது 'டிலே இன் பொசெஷன்' (வீட்டை ஒப்படைப்பதில் தாமதம்), 'டெஃபிஷியன்சி இன் சர்வீஸ்' (சேவைக் குறைபாடு), 'ரீஃபண்ட்'. அந்தத் தொடர்களை இந்தியன் கானூன் தேடுபெட்டியில் ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இரண்டு தொடர்கள் சேர்ந்து வர வேண்டுமென்றால் நடுவில் ஆண்ட் என்பதைப் பெரிய எழுத்தில், கடைசியில் இரண்டு டி வைத்துப் போட வேண்டும் (ஒரு டி போட்டால் அந்தத் தளத்துக்குப் புரியாது, ஏனோ அப்படி வைத்திருக்கிறார்கள்). அப்புறம் உச்ச நீதிமன்றம், தேசிய நுகர்வோர் ஆணையம் என்று நீதிமன்றத்தை வைத்து வடிகட்டினால் குவியல் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

நல்ல தீர்ப்பு ஒன்று சிக்கியதும் தேடுபெட்டியை விட்டுவிடுங்கள், இனி அந்தத் தீர்ப்பே வழிகாட்டும். உதாரணமாக பயனியர் அர்பன் எதிர் கோவிந்தன் ராகவன், 2019 ஏப்ரல் 2. வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீதம் வட்டி, பில்டர் தாமதித்துப் பணத்தைத் திருப்பினால் 9 சதவீதம், இப்படி எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமானது, வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வட்டிப் பிரிவைப் பாருங்கள், அநேகமாக இதே கதைதான் இருக்கும். தீர்ப்புப் பக்கத்தின் மேலே 'சைட்டட் பை' என்று ஒரு இணைப்பு உண்டு. அதைத் தட்டினால் இதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகள் வரிசையாக வரும், உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது அதில் இருக்கலாம்.

அதே இணைப்பு, இப்போது செல்லாத பழைய தீர்ப்பை நம்பிவிடும் ஆபத்திலிருந்தும் காப்பாற்றும். எதிர்தரப்பு பதிலுரை கொடுக்க 30 நாள், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள். இந்தக் கெடு கட்டாயமில்லை என்றது டாப்லைன் ஷூஸ் தீர்ப்பு, 2002. தேடினால் இன்றும் பளிச்சென்று வந்து நிற்கும். ஆனால் 2020 மார்ச்சில் ஹில்லி கோல்டு ஸ்டோரேஜ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 45 நாளுக்கு மேல் கிடையாது என்று முடித்துவிட்டது. உங்கள் பில்டர் இழுத்தடித்துவிட்டு பழைய தீர்ப்பை நீட்டினால், இதைக் கொடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தேடுவதற்குப் பதில் ஏஐ சாட்பாட்டிடமே தீர்ப்புகளைக் கேட்டால் என்ன?

பதில்: கேளுங்கள், ஆனால் அது சொல்லும் ஒவ்வொரு வழக்கையும் தளத்தில் திறந்து, நீங்கள் எடுத்துக்காட்டும் பத்தியைக் கண்ணால் பார்க்காமல் மனுவில் எழுதாதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தலைக்குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள், அது நீதிபதி எழுதியது அல்ல. பத்தி எண்ணோடு தீர்ப்பிலிருந்தே எடுங்கள்.

இதற்குப் பிறகும் கட்டணத் தளம் வேண்டும் என்று தோன்றினால், முதலில் இலவச சோதனைக் காலம் உண்டா, மாதச் சந்தா உண்டா, தேசிய ஆணையத்தின் உத்தரவுகள் அந்தத் திட்டத்தில் அடங்குமா, தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.