நாலு மாச நாய்க்குட்டிக்கு கால்சியம் சிரப் வேண்டுமா?

கேள்வி: நாலு மாத ராஜபாளையம் குட்டி. உயரமாக வளர, பப்பி ஃபுட்டோடு தினமும் இரண்டு ஸ்பூன் கால்சியம் சிரப் ஊற்றுகிறேன். போதுமா டாக்டர்?

போதுமாவா? இன்றோடு நிறுத்துங்கள். வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கூடிப்போனால், குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதம் தாண்டாத குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. ஊற்றியதில் பெரும்பகுதி உள்ளே போய், எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். போன மாதம் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னங்கால் பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி, நொண்டி நொண்டி நடந்தது. கூட வந்த மஞ்சள் பையைத் திறந்தால் சிரப் பாட்டில் இரண்டு, முட்டை ஓட்டுப் பொடி ஒரு டப்பா. எல்லாம் பாசம்தான், திட்ட மனசு வரவில்லை.

பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் தீவனத்தில் கால்சியம் அளவாகவே இருக்கும். அதையே ஒன்றேகால் வயதுவரை கொடுங்கள். வெறும் சோறும் சிக்கனும் மட்டும் போடும் வீடுகளில் கதை வேறு. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். அங்கே கால்சியம் சேர்த்தே ஆகவேண்டும், ஆனால் குட்டியை எடை போட்டு டாக்டர் சொல்லும் அளவில். உயரம் தாய் தகப்பன் கொடுப்பது, பாட்டில் கொடுப்பதில்லை.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்ட், 32 கிலோ. ராத்திரி ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்ததும் ஒரே வேளையாகச் சாப்பிடும். சரிதானே?

இல்லை. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. காலை, இரவு என்று பிரித்து வையுங்கள். ஓடி வந்தால் ஒரு மணி நேரம் ஆறட்டும். சாப்பிட்ட பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். வயிறு மத்தளம்போல் உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் எச்சிலைத் தவிர ஒன்றும் வராவிட்டால், ஓமத்திரவம் ஊற்றிப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். நடுராத்திரி ஆனாலும் வண்டியை எடுங்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

கேள்வி: எங்கள் லாப் (லாப்ரடார்) எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறது. பாவமாக இருக்கிறது.

லாப் அப்படித்தான் பார்க்கும், மயங்காதீர்கள். 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களைச் சோடி சோடியாக வளர்த்தார்கள். சோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைத்துப் போட்டார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் தாமதமாகத்தான் வந்தது. கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு தொட்டால் அப்படித் தெரியவேண்டும். உள்ளங்கைபோல் மெத்தென்று இருந்தால் குண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிந்தால் பதற வேண்டாம்.

கேள்வி: மிச்சமான சாம்பார் சாதம், பிரியாணி எலும்பு?

இரண்டும் கூடாது. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கேள்வி: தாத்தா காலத்தில் கம்பங்கூழும் மோரும் குடித்து நாய் நன்றாகத்தானே இருந்தது?

இருந்தது. அது பகலெல்லாம் காட்டில் எலி, ஓணான் என்று தானே பிடித்தும் தின்றது. உங்கள் நாய் மாடியில் இருக்கிறது. கூழை ஊற்றுங்கள், கூடவே இரண்டு அவித்த முட்டையையும் உரித்துப் போடுங்கள்.