பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: டீக்கு மேரி பிஸ்கட்டை நிறுத்திவிட்டு டைஜஸ்டிவுக்கு மாறி மூன்று மாதமாகிறது. எடை அசையவே இல்லையே, ஏன்?

பதில்: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமுக்கு 450 முதல் 500 கலோரி என்று இருக்கும். மேரியும் ஏறத்தாழ அதே கணக்குதான். மாவில் கோதுமையும் தவிடும் சேர்ந்திருக்கலாம்; சர்க்கரையும் எண்ணெயும் எங்கேயும் போய்விடவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் கை. என்னிடம் வருகிறவர்களை ஒரு வாரம் சாப்பிட்டதை நோட்டில் எழுதிவரச் சொல்வேன். முதல் பக்கத்தில் 'மேரி 2' என்று இருக்கும்; நான்காம் பக்கத்தில் 'டைஜஸ்டிவ் 5'. உடம்புக்கு நல்லது என்று நம்பிவிட்டால் யாரும் எண்ணுவதில்லை. ஒன்றுக்குச் சுமார் 70 கலோரி என்றால் ஐந்துக்கு 350! பிடித்த பிஸ்கட்டிலேயே இரண்டைத் தட்டில் எடுத்து வையுங்கள். பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். அப்புறமும் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டல்.

கேள்வி: கொழுப்பு நீக்கிய ஸ்கிம்டு பாலில் காபி வாயில் வைக்க முடியவில்லை. குடித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 3 சதவீதக் கொழுப்புள்ள டோண்டு பால் 100 மில்லியில் 3 கிராம் கொழுப்பு, அதாவது 27 கலோரி. ஸ்கிம்டு பாலுக்கு மாறினால் மிச்சமாவது இருபத்து சொச்சம். ருசி போதவில்லையென்று ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டால் அந்த மிச்சமும் போச்சு. டோண்டு பாலிலேயே டிகாஷன் தூக்கலாக, டம்ளரைச் சின்னதாக்கிக் குடியுங்கள்.

கேள்வி: சுகர்ஃப்ரீ மைசூர்பாகு?

பதில்: சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, நெய் 9. சர்க்கரையை எடுத்தாலும் நெய் அப்படியேதானே இருக்கிறது? பதிலுக்குச் சேர்க்கும் மால்டிடால் என்கிற இனிப்பூட்டியிலும் சர்க்கரையில் பாதியளவு கலோரி உண்டு. அதிகம் தின்றால் வயிறு உப்பும், பேதியாகும். நல்ல நெய் மைசூர்பாகு ஒரே ஒரு துண்டு, சாப்பாடு முடிந்ததும் நிதானமாக ருசித்துச் சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாட்டுச் சர்க்கரை?

பதில்: கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கு அண்ணன் தம்பி. அளவைக் குறையுங்கள்.

கேள்வி: அப்படியானால் டயட் கோலாவுக்குப் பதில் சாதா கோலாவே குடிக்கலாமா?

பதில்: சாதாவுக்கு நான் வக்காலத்து வாங்காத இடம் இது. 300 மில்லி சாதா கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஆறு டீஸ்பூன்! அதற்காக டயட் கோலாவைப் பிடித்துக்கொள்ளவும் சொல்ல மாட்டேன். எடைக் கட்டுப்பாட்டுக்குச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே சொல்லிவிட்டது. வீட்டில் மோர் இருக்குமே, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போடுங்கள்.