கேப்டன் குக் கடல் கடிகாரம் இல்லாமல் நியூசிலாந்தின் வரைபடத்தை எப்படி வரைந்தார்? அது எவ்வளவு சரி?

நிலவை வைத்துத்தான். கடலிலும் நேரம் தவறாத கடிகாரத்தைச் செய்த ஆங்கிலேயர் ஜான் ஹாரிசனின் கதை பிரபலமாகி இந்த முறையை மறைத்துவிட்டது. 1768-ல் கிளம்பிய எண்டெவர் கப்பலில் அந்த வகைக் கடிகாரம் இல்லை. இருந்தவை கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட், வானியலாளர் சார்லஸ் கிரீன், இங்கிலாந்தின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் 1767-ஆம் ஆண்டுக்கானதிலிருந்து வெளியிடத் தொடங்கிய கடற்பயணப் பஞ்சாங்கம்.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நாழிகைக் கணக்கில் 6 பாகை. கப்பல் நிற்கும் இடத்து நேரத்தைச் சூரியனின் உயரத்தை அளந்தே பிடித்துவிடலாம். அதே கணத்தில் கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால் தீர்க்கரேகை கைக்கு வந்துவிடும். அங்கேதான் நிலவு உதவுகிறது. விண்மீன்களுக்கு நடுவே அது மணிக்குச் சுமார் அரைப் பாகை, அதாவது ஏறக்குறைய தன் அகலம் அளவு, நகர்கிறது. சூரியனுக்கும் நிலவுக்கும் இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடைவெளியைத்தான் கப்பல் தளத்தில் நின்று கலைக் கணக்கில் அளந்தார்கள். (பாகையில் 60-ல் ஒரு பங்கு கலை.)

அளக்க மூன்று பேர் இருந்தால் நல்லது. ஒருவர் நிலவின் விளிம்புக்கும் சூரியனுக்கும், அல்லது ஒரு விண்மீனுக்கும், இடையிலான கோணத்தை எடுப்பார். அவர் குரல் கொடுக்கும் அதே நொடியில் மற்ற இருவரும் இரண்டின் உயரத்தையும் எடுப்பார்கள். வேலை அதற்குப் பிறகுதான். விளிம்பிலிருந்து அளந்ததால் நிலவின் அரை அகலம், சுமார் 15 அல்லது 16 கலை, சேர வேண்டும். நிலவு பக்கத்தில் இருப்பதால் அடிவானத்தருகே ஒரு பாகை வரைகூடத் தாழ்ந்து தெரியும். காற்றின் ஒளிவிலகலோ எதையும் உயர்த்திக் காட்டும். இரண்டையும் கழித்துத் திருத்திய கோணத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுவார்கள். அதில் கிரீன்விச் நேரப்படி மூன்று மணிக்கு ஒருமுறை இந்தக் கோணம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். முன்பு நான்கு மணி நேரம் பிடித்த கணக்கு அந்த அட்டவணைகளால் அரை மணி அளவுக்குச் சுருங்கியது.

எங்கே சறுக்கும்? நிலவு இரண்டு நிமிடத்தில் ஒரு கலைதான் நகரும். ஆகவே கோணத்தில் ஒரு கலை தவறினால் நேரத்தில் 2 நிமிடம், தீர்க்கரேகையில் 30 கலை போய்விடும். பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் கைப்பிழை குறையும். அட்டவணையிலேயே ஒரு கலை பிழை இருந்தால் சராசரி அதைத் தொடாது. அமாவாசையை ஒட்டிய சில நாட்கள் நிலவே கிடையாது.

கரையின் வடிவத்தைத் தந்தது வேறு வேலை. 1769 அக்டோபர் முதல் 1770 மார்ச் வரை சுமார் 2400 மைல் கரையை ஒட்டியே ஓடி, மலை உச்சிகளுக்கும் முனைகளுக்கும் திசைகாட்டியால் கோணம் எடுத்தார்கள். கப்பல் நகர்ந்ததும் அதே உச்சிக்கு மறுபடி ஒரு கோணம். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் மலை. இரண்டு நிலைகளுக்கு இடையிலான தூரம் லாக் கயிற்றிலிருந்து வரும்: 28 நொடி மணற்கடிகை ஓடி முடிவதற்குள், 47 அடி சொச்சம் இடைவெளியில் போட்ட முடிச்சுகளில் எத்தனை கையை விட்டு ஓடின என்று எண்ணுவார்கள். கப்பலோடு தண்ணீரும் நகர்ந்தால் கயிறு அதைச் சொல்லாது. அதனால் நண்பகல் அட்சரேகையை வைத்து அன்றாடம் திருத்திக்கொண்டார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் கரையில் இறங்கி முக்கோண அளவை செய்து பழகிய குக்குக்கு, ஓடும் கப்பலிலிருந்து அளப்பதன் குறை நன்றாகவே தெரியும். பேங்க்ஸ் தீபகற்பத்தைத் தீவாக்கிவிட்டார்: தொலைவிலிருந்து பார்த்தால் மலைகள் தெரியும், அவற்றை நிலத்தோடு சேர்க்கும் தாழ்ந்த சமவெளி தெரியாது. ஸ்டூவர்ட் தீவை மாறாக நிலத்தோடு ஒட்டினார்.

இரண்டுமே பேசப்படும் தவறுகள். எனக்கு முக்கியமாகப் படுவது வெளியே தெரியாத மூன்றாவது. இரண்டாம் பயணத்தில் உடன் சென்ற வானியலாளர் வில்லியம் வேல்ஸ் திரும்ப அளந்தபோது, தெற்குத் தீவு முழுதும் 40 கலையும் வடக்குத் தீவு 30 கலையும் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது தெரிந்தது. குக்கே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். கரையின் வடிவம் நன்றாக இருக்க, நாடே மொத்தமாக நகர்ந்திருக்கிறது. 41 பாகை அட்சரேகையில் 40 கலை என்றால் சுமார் 30 கடல் மைல். மேலே சொன்ன ஒரு கலைக் கணக்கு இங்கே நேராகப் பொருந்துகிறது.

அந்த இரண்டாம் பயணத்தில்தான் (1772–75) கடிகாரத் தொழிலாளர் லார்கம் கெண்டால் ஹாரிசனின் நான்காம் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த கே1 என்ற கடிகாரம் கப்பலில் ஏறியது. கூடவே ஜான் ஆர்னால்டின் மூன்று கடிகாரங்களும் போயின. அவை நம்பும்படி ஓடவில்லை. கே1-ஐத் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, நாளுக்கு எத்தனை நொடி கூடுகிறது அல்லது குறைகிறது என்று கரையில் நின்று பார்த்துக் கழிக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட 4 நொடி நாளொன்றுக்கு ஒரு கலை. 100 நாளில் 100 கலை. நிலவுக் கணக்கின் பிழை இப்படி நாளுக்கு நாள் சேராது. அதனால் கே1 நன்றாக ஓடியபோதும் வேல்ஸ் நிலவை அளப்பதை நிறுத்தவில்லை.