பெயரைச் சொல்லாமல் நோயாளியின் கதையை வீடியோவாகப் போட்டால் என்ன தவறு?

மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ "இன்று வார்டில் ஒரு நோயாளி..." என்று தொடங்கும்போது எழுகிற கேள்வி இது. பெயரை நீக்குவது வேறு, அடையாளத்தை நீக்குவது வேறு. பார்ப்பவர் எவராலும், நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரராலும்கூட, ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதே அடையாள நீக்கம்.

துண்டு துண்டான தகவல்கள் ஒன்று சேர்ந்தால் ஆள் வெளியே வந்துவிடுகிறார், காரணம் அவ்வளவுதான். "கிழக்குத் தெரு, மாடி வீடு, மகன் துபாயில்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் பெயரையா கேட்கப் போகிறோம்? வீடியோவிலும் அதே கதைதான். முகத்தை மங்கலாக்கியிருப்பார்கள், முன்கையில் பச்சை குத்திய பெயர் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரே படத்தின் மூலையில் பெயர், வயது, தேதி எல்லாம் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கும். நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்க விதி (HIPAA), அடையாளம் தெரியாமலிருக்க நீக்க வேண்டியவற்றை 18 வகையாகப் பட்டியலிடுகிறது. சிகிச்சைத் தேதியில்கூட ஆண்டு மட்டுமே மிஞ்சலாம்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்கின்றன. அப்போது இன்ஸ்டாகிராமே கிடையாது. சமூக ஊடகத்துக்கான நெறிகளோடு 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன.

"கையெழுத்து வாங்கியாயிற்றே" என்று பலர் நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் அந்தச் சிகிச்சைக்கு மட்டும்தான், வீடியோவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.