ஆன்லைனில் மாநில, உள்ளாட்சி அரசுப் பாடம்: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஸ்டேட் அண்ட் லோக்கல் கவர்ன்மென்ட்' என்று ஒரு பாடம் உண்டு. கவர்னர், சட்டமன்றம், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது), நகரசபை, பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எல்லாம் அதில் வரும். அதை ஆன்லைனில் எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: என் மகன் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிக்கிறான். டிகிரி பிளானில் கவர்ன்மென்ட் பாடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்ணிலேயே முடித்துவிட்டான். மற்றதைக் கோடை விடுமுறையில் ஆன்லைனில் எடுக்கலாம் என்று பார்த்தால், வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்று 'ஸ்டேட் அண்ட் லோக்கல் கவர்ன்மென்ட்' என்ற பெயரிலேயே 3 கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அலகு) பாடத்தைப் பாதி விலைக்குத் தருகிறது. சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். விலையில் ஒன்றுமில்லை, அது உங்கள் மகனுக்குத் தேவைப்படும் பாடமே இல்லை.

டெக்சாஸ் கல்விச் சட்டப்படி, அங்குள்ள அரசுக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் வாங்க கவர்ன்மென்ட் பாடத்தில் 6 கிரெடிட் வேண்டும். அமெரிக்க அரசியலமைப்போடு மாநில அரசியலமைப்பும், குறிப்பாக டெக்சாஸுடையது, அதில் இருந்தாக வேண்டும். அதனால்தான் ஃபெடரல் பக்கத்துக்கு கவர்ன்மென்ட் 2305, டெக்சாஸுக்கு 2306 என்று பாட எண் கொடுத்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏபி மதிப்பெண்ணுக்குக் கிடைப்பது பொதுவாக 2305. வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் வாங்கித் தரும் கிளெப் தேர்வு எழுதினாலும் அதே கதைதான். உங்கள் மகனுக்கு மிச்சம் இருப்பது 2306.

வேறு மாநிலக் கல்லூரி தன் மாநிலத்தைத்தான் விரிவாக நடத்தும். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் 140 நாள் நடப்பது, எண்ணெய்க் கிணறுகளை ரயில்ரோடு கமிஷன் என்ற பெயரில் ஓர் அமைப்பு கண்காணிப்பது, 1876ல் வந்த அரசியலமைப்பை 500 தடவைக்கு மேல் திருத்தியிருப்பது, இதையெல்லாம் அங்கே யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

கடைசியில் அந்த 3 கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறும், ஆனால் பொது எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் என்ற கணக்கில். 2306 அப்படியே பாக்கி நிற்கும். இன்ஜினீயரிங் டிகிரியில் எலெக்டிவுக்கு இருக்கும் இடமே கொஞ்சம். போனில் பேசும் சேர்க்கைப் பிரதிநிதி 'டிரான்ஸ்ஃபர் ஆகும்' என்று சொல்வது பொய்யில்லை, அரை உண்மை. கல்லூரிக்கு அக்ரெடிடேஷன் (தர அங்கீகாரம்) உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அக்ரெடிடேஷன் கண்டிப்பாக வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் கிரெடிட்டை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பது உங்கள் மகன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் முடிவு.

மாதச் சந்தா கட்டிப் படிக்கும் இணையதளங்களும் இப்படித்தான். 'ஏசிஇ (அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன்) பரிந்துரை பெற்றது' என்று போட்டிருப்பார்கள். அது பரிந்துரை மட்டுமே. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கல்லூரிக்கும் கட்டாயம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? டெக்சாஸிலேயே உள்ள கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புகள் நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) 2306ஐ ஆன்லைனில் எடுக்கட்டும். அந்த எண் மாநிலம் முழுக்கப் பொது. கல்லூரி மாவட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு ஒரு கட்டணம், மாவட்டத்துக்கு வெளியே ஒன்று, வெளிமாநிலத்தாருக்கு வேறொன்று. உங்கள் வீடு அந்த மாவட்டத்துக்குள் இருந்தால் சொத்து வரியில் ஒரு பங்கு ஏற்கெனவே அந்தக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்த கட்டணத்தை உரிமையோடு கேளுங்கள். அப்புறம், பணம் கட்டும் முன் பல்கலைக்கழக அட்வைசருக்கு மகனே ஒரு மின்னஞ்சல் போடட்டும்: 'இந்தக் கல்லூரியின் இந்த எண் என் டிகிரி பிளானில் எந்த எண்ணாக வரும்? குறைந்தது என்ன கிரேடு வேண்டும்?' பதில் எழுத்தில் வரட்டும். நேரில் தலையாட்டியதை பட்டமளிப்பு சமயத்தில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஜார்ஜியாவில் இரண்டு வருடம் முடித்து, கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி வளாகம் ஒன்றுக்கு மாறியிருக்கிறேன். அமெரிக்க அரசியலமைப்புப் பாடம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இப்போது மாநில, உள்ளாட்சி அரசு பாக்கி என்கிறார்கள். திரும்ப முழுப் பாடத்துக்கும் காசு கட்ட வேண்டுமா?

பதில்: அமெரிக்க வரலாறு, அரசியலமைப்பு, கலிபோர்னியா மாநில-உள்ளாட்சி அரசு என்று மூன்று பகுதிகளை அங்கே முடித்தாக வேண்டும். மூன்றாவதை யூஎஸ்-3 என்பார்கள். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது மட்டும் தொங்கி நிற்பது சகஜம். சில வளாகங்களில் இந்தப் பகுதிக்கு மட்டும் சிறிய பாடமோ தேர்வோ வைத்திருக்கிறார்கள். முதலில் அதை விசாரியுங்கள். இல்லையென்றால் யூஎஸ்-3 அங்கீகாரம் உள்ள கம்யூனிட்டி காலேஜ் ஆன்லைன் பாடம்தான் மலிவான வழி. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா, இது வேறு பல்கலைக்கழகம்) வளாகங்களில் இந்த மூன்றாவது பகுதி கிடையாது. அங்கே படிக்கும் நண்பரின் அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: கல்லூரிக் கட்டணத்தை விடப் புத்தகச் செலவுதான் பயமாக இருக்கிறது. பழைய புத்தகம் வாங்கினால் போதாதா?

பதில்: ஆன்லைன் வகுப்பில் பெரும்பாலும் போதாது. வீட்டுப்பாடமும் குவிஸும் பதிப்பகத்தின் தளத்தில் இருந்தால், உள்ளே நுழைய ஆக்சஸ் கோடு (ஒருவருக்கு மட்டுமே பயன்படும் நுழைவு எண்) வேண்டும். பழைய புத்தகத்தில் வரும் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும். கோடு மட்டும் தனியாக வாங்கினால் மின்புத்தகமும் பல சமயம் கூடவே வரும், அச்சுப் புத்தகம் தேவைப்படாது. கல்லூரிக் கட்டணத்திலேயே புத்தகக் காசைச் சேர்த்துவிடும் முறையும் இருக்கிறது. அதிலிருந்து விலகக் கடைசித் தேதி உண்டு, பில்லைக் கவனியுங்கள்.

ஆனால் இந்தப் பாடத்துக்குக் காசில்லாத வழியும் இருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் அமெரிக்க அரசு பற்றிய பாடநூலை இலவசமாகப் படிக்கலாம். அதன் 14ஆம் அத்தியாயமே மாநில, உள்ளாட்சி அரசுதான். இப்படிப்பட்ட திறந்த பாடநூலை வைத்து நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சேருங்கள். பாடத்துக்கான புத்தகத்தையும் விலையையும் பதிவு செய்யும்போதே கல்லூரி காட்ட வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் சிலபஸை முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று கிளிக்குக்குள் கிடைக்கும்படி வைக்க வேண்டும் என்று 2009ல் ஒரு சட்டம் வந்தது. அதே ஆசிரியரின் போன செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பார்த்தால் ஆக்சஸ் கோடு, தேர்வின்போது வெப்கேம் கண்காணிப்பு, வாராவாரம் எத்தனை கட்டுரை என்று எல்லாம் தெரிந்துவிடும். விளம்பரப் பக்கத்தில் இவை இருக்காது.

கேள்வி: 8 வாரத்தில் முடிகிற ஆன்லைன் வகுப்பு, 16 வாரத்தை விட லாபமா? வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன்.

பதில்: கட்டணம் பெரும்பாலும் ஒன்றுதான். பாடமும் ஒன்றுதான், பாதி நாளில் முடிக்க வேண்டும் என்பதால் வாரத்துக்கு இரட்டை வேலை. கவனிக்க வேண்டியது ரீஃபண்ட். டெக்சாஸ் கம்யூனிட்டி காலேஜ்களில் 16 வார வகுப்பென்றால் வகுப்பு தொடங்கும் முன் விலகினால் முழுப் பணம், முதல் 15 வகுப்பு நாட்களுக்குள் 70 சதவீதம், 16 முதல் 20 வரை 25 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 8 வார வகுப்பில் இந்தக் கெடு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். இன்னொன்று: அங்குள்ள அரசுக் கல்லூரிகளில், பதிவேட்டில் ஏறாமல் விலகும் கெடு (ரீஃபண்ட் கெடு வேறு) தாண்டிக் கைவிடும் பாடங்கள், இளநிலைப் படிப்பு முழுவதற்கும் சேர்த்து ஆறுதான். 2007 ஃபால் செமஸ்டரிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாகச் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தும். வேலை நெருக்கடி எப்போது வரும் என்று தெரியாதவர் 16 வாரமே எடுப்பது நல்லது.

கேள்வி: எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கிறேன். இதை ஆன்லைனில் எடுக்கலாமா?

பதில்: ஒரு செமஸ்டரில் ஓர் ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். வேறொரு பாடத்தை ஏற்கெனவே ஆன்லைனில் எடுத்திருந்தால் இதை நேர் வகுப்பில் எடுங்கள். பதிவு செய்யும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கிரெடிட் போனால் திரும்ப எடுக்கலாம், விசா நிலை அப்படியில்லை.

கேள்வி: எச்-4ல் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருக்கிறேன், ஊரிலேயே பட்டம் முடித்தவள். ஹூஸ்டன் புறநகரில் வீடு வாங்கியிருக்கிறோம். சொத்து வரி பில்லில் கவுண்டி, பள்ளி, 'மட்' என்று நான்கைந்து வரிகள் இருக்கின்றன. இதெல்லாம் புரியவே இந்தப் பாடத்தில் சேர ஆசை. காசு கட்டுவது வீணா?

பதில்: எச்-4ல் படிக்கத் தடையில்லை. ஆனால் கிரெடிட் தேவையில்லாத உங்களுக்கு முழுக் கட்டணம் அதிகம். 'ஆடிட்' செய்கிறேன் (கிரெடிட் இல்லாமல் உட்கார்ந்து கேட்கிறேன்) என்றாலும் பல கல்லூரிகள் அதே கட்டணத்தைத்தான் வாங்குகின்றன. வரிச் சலுகையை நம்பியும் சேர வேண்டாம். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற சலுகையில் 10,000 டாலர் வரையிலான படிப்புச் செலவில் 20 சதவீதம் வருமான வரியில் கழியும் என்பது உண்மைதான். ஆனால் பாடம் பட்டத்துக்காகவோ வேலைத் திறனுக்காகவோ இருக்க வேண்டும். தம்பதியாகத் தாக்கல் செய்யும்போது வருமானம் 1,80,000 டாலரை எட்டினால் எதுவும் கிடைக்காது.

மேலே சொன்ன இலவச அத்தியாயத்தைப் படித்துவிட்டு உங்கள் பில்லையே பாடநூலாக வைத்துக்கொள்ளுங்கள். 'மட்' என்பது முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட். நகரத்தின் தண்ணீர்க் குழாய் எட்டாத இடத்தில் புதுக் குடியிருப்பு எழும்பும்போது தண்ணீர், சாக்கடை, வடிகால் வேலைகளுக்குப் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குவார்கள். அந்தக் கடனைத்தான் நீங்கள் வரியாக அடைக்கிறீர்கள். இப்படி ஒரு மாவட்டத்தில் வீடு இருக்கிறது என்று விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். வாங்கிய நாளில் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து பேர் கொண்ட இயக்குநர் குழு இந்த 'மட்' அமைப்பை நடத்துகிறது. அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, யாரும் போய் உட்காரலாம். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும்.

வீட்டு மதிப்பை அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால் எதிர்த்து மனுக் கொடுக்கவும் குடியுரிமை தேவையில்லை, வீட்டுக்காரராக இருந்தால் போதும். கடைசி நாள் மே 15, அல்லது மதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30ஆம் நாள், எது பிந்தையதோ அது. அதற்குக் கட்டணம் இல்லை.