ஃபுர்க்காவில் புளிசாதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் நால்வர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து காரில் சுவிட்சர்லாந்து போய்வந்தோம். ஆண்டர்மாட், ஃபுர்க்கா கணவாய், ரோன் பனியாறு, கிரிம்செல் என்று மூன்று நாள். உருகாமலிருக்க பனியாற்றுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்து மனம் கனத்துவிட்டது. ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனதால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு விடுதியில் சீஸ் உருக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் தாங்காமல் திரும்பிவிட்டோம். இதையெல்லாம் எழுத ஆசை. எழுதினால் வெறும் ஊர்ப்பட்டியலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

கே., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள கே.,

எழுதுங்கள், தானாக வரும். பனியாற்றுக்காக எல்லோரும் மனம் கனக்கிறார்கள், அதை விடுங்கள். நான் நின்றுவிட்ட இடம் அந்த நாற்றம். மலையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறவர்கள் மலைக்காரன் சாப்பிடுவதை ஏன் தொடுவதில்லை என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புளிசாதத்தோடு எனக்குப் பகை இல்லை. சுவிஸ் ஓட்டல் விலையும் தெரியும். ஆனால் மூன்று நாளும் அதுவேதானா? கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதைச் சேர்த்துப் பாலைத் திரிக்கிறார்கள், அதனால் தொடமாட்டேன் என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன். நாற்றம் என்கிறீர்களே! நம் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திறந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

ஃபுர்க்கா உச்சி 2429 மீட்டர். அங்கே நெல்லா விளையும்? கோடையில் சில மாதம் புல் முளைக்கும், அவ்வளவுதான். புல்லை மனிதன் தின்ன முடியாது, மாடு தின்னும். பால் நாளைக்கே கெட்டுவிடும், சீஸாக்கினால் பனிக்காலம் முழுக்க நிற்கும். நீங்கள் படமெடுத்துத் தள்ளிய பசுமையெல்லாம்தான் அந்த விடுதியில் உருகிக்கொண்டிருந்தது. உச்சியைத் தாண்டினால் வாலே மாநிலம், ராக்லெட்டின் சொந்த ஊர். பாதியாக வெட்டிய சீஸ் வட்டைத் தீயருகே காட்டுவார்கள். வெட்டுமுகம் கொப்பளித்துத் தளும்பும்போது கத்தியின் முதுகால் ஒரே வழிப்பு, அவித்த உருளைக்கிழங்கின்மேல் விழும். பக்கத்தில் காடியில் ஊறிய பிஞ்சு வெள்ளரி, சின்ன வெங்காயம். முதல் வாய் கொஞ்சம் சிரமம். அப்புறம் பேச்சே இருக்காது.

பல வருடங்களுக்கு முன் நண்பர்களோடு அதே வழியில் போனேன். ஆண்டர்மாட் இருக்கும் ஊரி மாநிலத்தில் ஒரு சின்ன விடுதியில் ஆல்ப்ளர்மக்ரோனன் வாங்கினோம். மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், பாலேடு, மேலே முறுகலாக வெங்காயம். ஆண்டர்மாட்டுக்கு அடியில் செல்லும் கோட்டார்ட் ரயில் சுரங்கம் 1872-இல் தொடங்கி 1882-இல் திறந்தது. அந்த வேலைக்கு வந்த இத்தாலியர்களோடு மக்ரோனி வந்ததாகச் சொல்வார்கள். காய்ந்த பண்டம், மேய்ப்பர்கள் மலைமேல் சுமந்துபோக லேசு. கூடவே ஒரு கிண்ணம் ஆப்பிள் மசியல் வைப்பார்கள். எங்கள் நண்பர் அதைக் கடைசியில் சாப்பிடும் இனிப்பு என்று ஒதுக்கி வைத்தார். பரிமாறிய அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தவர், வந்து ஒரு கரண்டி எடுத்து அவர் தட்டில் போட்டு, வாயில் வைக்கும்வரை நகரவில்லை. அடைக்கு வெல்லம் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்த மனிதர், ஒரே நொடியில் புரிந்துகொண்டார். இன்னொரு தட்டு சொன்னார்.

அன்றைக்கு வண்டி ஓட்டியவர் அவர்தான். நாங்கள் ஜன்னலோரம் ஆகா ஊகூ என்று வந்தோம். அவர் கண்டது வளைவுகளும் எதிரே வரும் மஞ்சள் தபால் பேருந்தும்தான். வளைவுக்கு வளைவு அதன் மூன்று ஸ்வர ஹாரன், இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினியின் வில்லியம் டெல் ஓபரா இசையிலிருந்து எடுத்தது. எங்களுக்கு அது சங்கீதம், அவருக்கு வயிற்றில் புளி. அந்தச் சுற்றுலாவில் அவர் பங்குக்குக் கிடைத்தது அந்தத் தட்டு ஒன்றுதான். இன்றும் போனில் அதைத்தான் பேசுவார்.

உங்கள் நால்வரில் ஓட்டியவர் யார்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மலையையும் பார்க்கவிடாமல், ஆறிப்போன புளிசாதத்தையும் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறீர்கள். அடுத்த கோடையில் அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். ஜூனுக்கு முன்னால் கிளம்பாதீர்கள், கணவாய் திறந்திருக்காது.